மடக்குக் கத்திகளை எதில் வைப்பது? உவரிக்கு ஒன்று, பாளைக்கு ஒன்று, தென்காசிக்கு ஒன்று

மடக்குக் கத்தி சேர்க்கிறவர்களுக்கு முதல் ஐந்தாறு கத்திவரை எந்தக் கவலையும் இருக்காது. மேசை இழுப்பறையில் கிடக்கும், ஆசை வரும்போது எடுத்துப் பார்ப்போம், திரும்ப வைப்போம். எண்ணிக்கை இருபதைத் தாண்டும்போதுதான் இதையெல்லாம் ஒழுங்காக எதில் வைப்பது என்ற யோசனை வருகிறது. தோல் உறையா, தேக்குப் பெட்டியா, கண்ணாடி அலமாரியா, பீரோவா, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவா? கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதில் பாதிப் பதில்கள் குளிர்நாட்டிலிருந்து வந்தவை. அங்கே ஹீட்டர் ஓடும் அறைக்குள் காற்று வறண்டு கிடக்கும். தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் கிடந்தாலும் கத்தி அப்படியே இருக்கலாம். அதே உறைக்குள் அதே கத்தி உவரியில் ஒரு ஐப்பசியைத் தாண்டி வருமா என்பதுதான் நமக்குக் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் பெட்டியைத் தேடும் முன்னால், வீடு எந்தக் காற்றில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு நல்ல ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும்தான் சரி. ஆனால் எல்லாக் கத்திக்கும் அது சரியாகாது. ஒரு வகைக் கத்திக்கு அது கெடுதலே செய்யும். அதைக் கீழே சொல்கிறேன்.

நம் சீமையின் மூன்று காற்று

கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை போனால், ஒரே நாளில் மூன்று விதமான காற்றைக் கடந்துவிடலாம்.

முதலாவது கடற்காற்று. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே கதை தெரியும். இங்கே ஈரத்தைவிட உப்புதான் பெரிய எதிரி. சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் இளகி நீர்விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் கத்தியில் படிந்திருந்தால், வெயில் அடிக்கிற நாளிலும் அதன் மேல் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் தூளோடு கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடினால், துருவுக்கு வேண்டியதை நாமே கூடக் கொடுத்து அனுப்புகிறோம்.

இரண்டாவது ஊர்க்காற்று: பாளை என்று நாம் சொல்லும் பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுண், மேலப்பாளையம், அப்படியே வள்ளியூர் வரை. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் ஆனி, ஆடியில் இங்கே மழை குறைவு. சூடான வறண்ட காற்றுதான் அடிக்கும். தொல்லையெல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். வருஷத்தின் மீதி நாளில் கத்திகளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது சாரல் காற்று: தென்காசி, குற்றாலம், செங்கோட்டை. பாளையில் மண் பறக்கிற அதே ஜூன், ஜூலையில் இங்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. பிறகு ஐப்பசியில் அடைமழையும் வரும். ஆக, கத்திகளுக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம்.

எஃகைப் பொறுத்தவரை காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் போனால் துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். அதனால் எவ்வளவுக்கு எவ்வளவு வறட்சியோ அவ்வளவுக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். மரம், எருமைக்கொம்பு, எலும்பு இவற்றால் செய்த பிடிகள் ரொம்ப வறண்டால் சுருங்கி வெடிக்கும், ஆணியடித்த இடத்தில் கீறல் விடும். எஃகும் பிடியும் ஒத்துப்போகிற இடம் 40 முதல் 50 சதவீதம் வரைதான். பெட்டி எதுவானாலும் அதற்குள் இந்த அளவைக் காக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரமானி போதும். வாங்கியதும் அதைச் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு மூடிய டப்பாவுக்குள் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த மானி ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும், தூக்கிப்போட வேண்டாம்.

எந்தக் கத்தி எதற்கு அஞ்சும்

எல்லாக் கத்தியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884ல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. அந்தக் கத்திகள் துருப்பிடிக்காத எஃகு. குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் எஃகுக்கு அந்தப் பெயர். பெயர் அப்படியிருந்தாலும், காற்றோட்டம் இல்லாத இடுக்கில் உப்பு தங்கினால் இந்த எஃகிலும் ஊசி குத்தியது போலப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். கத்தியில் அந்த இடுக்கு என்பது அலகு சுழலும் ஆணியடிதான். கடற்கரை வீட்டுக்காரர்கள் அலகு பளபளப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாமல், ஆணியடியை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒபினெல் வேறு மாதிரி. பிரான்சின் சவோயில் 1890ல் ஜோசப் ஒபினெல் தொடங்கியது. கார்பன் எஃகிலும் வரும், துருப்பிடிக்காத எஃகிலும் வரும்; வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். அதன் பிடி பெரும்பாலும் பீச் (beech) மரம். ஈரம் ஏறினால் அந்த மரம் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தென்காசியில் சாரல் நேரத்தில் ஒபினெலைத் திறக்க முடியவில்லை என்றால் கத்தி கெட்டுவிட்டது என்று பயப்படவோ, நெம்பவோ வேண்டாம். உலர்ந்த பெட்டிக்குள் சில நாள் இருந்தால் தானே இளகிவிடும்.

ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோநோகாமி, 1929லிருந்து வரும் பிரெஞ்சு டூக்-டூக் போன்ற கார்பன் எஃகுக் கத்திகள்தான் மிகவும் கவனம் கேட்பவை. அவற்றில் எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் அலகில் ஒரு கருநீலச் சாயல் ஏறும். அது துரு இல்லை. துருவைத் தள்ளிப்போடும் மெல்லிய படலம் அது, தேய்த்து எடுக்காதீர்கள். செம்மண் நிறத்தில், விரலில் ஒட்டுகிற தூளாக வந்தால்தான் துரு.

தோல் உறையும் கான்வாஸ் சுருளும்

பார்க்க அழகு, கையில் எடுக்க சுகம், கத்தியோடேயே இலவசமாகவும் வரும். அதனால் பலரும் கத்தியை அதன் தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். வெளியூர் போகும்போது, தோட்டத்துக்குப் போகும்போது உறை தேவைதான். மாதக்கணக்கில் வைத்திருக்க அது இடமே இல்லை.

காரணம் தோலைப் பதனிடும் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவது பெரிய தொழில். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை போடும். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலில் உப்புகள் மிச்சம் இருக்கும். எப்படிப் பதனிட்டாலும் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே காற்று உலர்ந்த பிறகும் உறைக்குள் ஈரம் இருக்கும், அதுவும் அலகை ஒட்டினாற்போல. பித்தளை வைத்த கத்திகளில் பச்சைப் பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து உண்டாக்குவது.

உறையை விட மனசில்லை என்றால் கத்தியை ஒரு பெட்டியிலும் உறையைத் தனியாகக் காற்றோட்டமாக வேறிடத்திலும் வையுங்கள். எது எதன் உறை என்று தெரிய ஒரு காகிதச் சீட்டு போதும்.

கான்வாஸ் துணியில் அறை அறையாகத் தைத்த சுருள் தோலைவிடப் பல மடங்கு மேல். பை தைக்கிற டெய்லரிடம் அளவு சொன்னால் தைத்துத் தருவார். புதுத் துணியை இரண்டு தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கஞ்சி ஈரத்தையும் பூச்சியையும் இழுக்கும். ஒரு குறை உண்டு: சுருட்டிவிட்டால் கண்ணில் படாது, கண்ணில் படாதது மறந்துபோகும். பாளையில் மாசி முதல் புரட்டாசி வரை இந்தச் சுருளே போதும் என்பேன். மற்ற இரண்டு காற்றுக்கும் போதாது.

மரப்பெட்டியும் கண்ணாடி அலமாரியும்

சேர்ப்பவர்கள் மனசு உண்மையில் போவது இங்கேதான். நல்ல மரப்பெட்டியைத் திறந்ததும் வரிசையாகக் கத்திகள் கிடப்பதைப் பார்க்கிற சந்தோஷத்தை வேறு எந்தப் பெட்டியும் தராது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மரம் ஆவியாக அமிலம் விடும். ஓக் மரத்தில் அது அதிகம். மூடிய பெட்டிக்குள் அந்த அமில ஆவி உலோகத்தை அரிக்கும் என்பதால் அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களை ஓக் பெட்டிகளில் வைக்கத் தயங்குவார்கள். ப்ளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் மரத்தோடு பசையும் சேர்ந்து இன்னும் மோசம். மலிவாகக் கிடைக்கும் கண்ணாடி மூடிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பலகையில் செய்து மேலே மரக்கோடு போட்ட தாள் ஒட்டியவை. ஒரு நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ கண்ணைக் கரிக்கும் நெடியோ வந்தால் அதில் கத்தி வைக்காதீர்கள்.

நன்றாகப் பக்குவப்பட்ட பழைய தேக்கு பரவாயில்லை. இடித்த வீட்டுக் கதவு, உத்திரம் இவற்றிலிருந்து எடுத்த தேக்கில் செய்தால் இன்னும் நல்லது. விடவேண்டிய ஆவியையெல்லாம் எப்போதோ விட்டிருக்கும். செய்த பெட்டிக்கு வார்னிஷ் அடித்தால் குறைந்தது ஒரு மாசமாவது திறந்து போட்டு ஆறவிடுங்கள். உள்ளே விரிக்க, கடையில் விற்கும் கம்பளி ஃபெல்ட்டைவிட, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டித் துணி மேல். கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளியும் பித்தளையும் கறுத்துப்போகும். ரப்பர் பேண்டும் அப்படித்தான். கத்தியோடு தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

அப்படியும் ஒரு குறை நிற்கிறது. மரப்பெட்டி ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஒரு நாள் மழையை அது தாங்கும். குற்றாலத்தில் ஒரு மாதச் சாரல் என்றால் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகிவிடும்.

வரவேற்பறைக் கண்ணாடி அலமாரி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வெயில் படாத உள்சுவராக இருந்தால், பூட்டும் இருந்தால், துருப்பிடிக்காத எஃகுக் கத்தி மூன்று நான்கை அதில் வைத்து அழகு பார்க்கலாம். மொத்தச் சேகரிப்பையும் அதில் அடுக்க வேண்டாம். கத்தி இருக்கிறது என்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரியவும் வேண்டாம்.

பீரோ

ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது, பூட்டும் உண்டு. பாதுகாப்புக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பீரோ ஒரு பூட்டுதானே தவிர ஈரத்தைத் தடுக்கும் கதவு இல்லை. சந்து வழியாகக் காற்று போய்வரும். வெளிச்சுவரில் ஒட்டி நிறுத்தியிருந்தால் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, பீரோவின் முதுகு குளிர்ந்து, உள்ளே பட்டுப்புடவையிலேயே பூஞ்சை வரும். நாலு விரல் இடம் விட்டு உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவது நல்லது.

பீரோவில் துணிக்குப் போடும் பாச்சா உருண்டையையும் கவனிக்க வேண்டும். அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கத்தித் தட்டில் அது வேண்டாம்.

பீரோவைத் தனியாக நம்பாமல், அடுத்துச் சொல்லப்போகும் டப்பாவை அதற்குள் வைத்துப் பூட்டினால் இரண்டின் பலமும் கிடைக்கும்.

காற்றுப் புகாத டப்பா

அழகில்லை. சமையலறைச் சாமான் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஈரப்பதத்தை நம் சொல்லுக்குக் கட்டுப்படுத்தித் தருவது இது ஒன்றுதான்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ராப்பிலீன், அது நல்லது. 3 என்றால் பி.வி.சி.; அது நாளாக நாளாக அமில ஆவி விடக்கூடியது, வேண்டாம். மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கொக்கியும் இருக்க வேண்டும். சோதிக்க, உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கிப் பாருங்கள். தாள் நனைந்தால் வேறு டப்பா.

உள்ளே மெத்தைக்கு, சோபாவில் வரும் மஞ்சள் ஃபோமை வெட்டிப் போடாதீர்கள். அது சில வருஷத்தில் உதிர்ந்து பிசுபிசுவென்று பிடியில் ஒட்டும். டிவி, மிக்சி சுற்றி வருகிற மெல்லிய வெள்ளை பாலிஎத்திலீன் ஃபோம் தாள் போதும், காசும் கிடையாது. கத்திகள் ஒன்றோடொன்று உரசாமல் இடையிடையே அதை மடித்து வையுங்கள்.

எப்போது மூடுகிறோம் என்பதும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் மிக அதிகமாகவும் பிற்பகலில் மிகக் குறைவாகவும் இருக்கும். நல்ல வெயில் நாளில் மதியம் இரண்டு மூன்று மணிக்குப் பெட்டி கட்டினால், உள்ளே அடைபடுகிற காற்றே உலர்ந்த காற்று. மழை பெய்யும் மாலையில் ஆசைக்குத் திறந்து பார்ப்பது, ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கத்தியை நேரே முற்றத்துக்குக் கொண்டுவருவது, இரண்டையும் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த அலகில் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துவிடும்.

டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச எது?

அரிசி போடுகிறார்கள். ஈரத்தை இழுப்பது கொஞ்சம், மாவுத்தூளும் வண்டும் வருவது நிச்சயம். நீற்றாத சுண்ணாம்புக் கல் நன்றாக இழுக்கும். ஆனால் நீறும்போது சூடாகிப் பொடியாகும். அந்தக் காரப் பொடி பித்தளைக்கும் கொம்புப் பிடிக்கும் ஆகாது. அலமாரியில் தொங்கவிட விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள்தான் எனக்கு மிகவும் பயம். அவை இழுத்த ஈரம் அடியில் உப்புநீராகச் சேரும். ஒரு தடவை சாய்ந்தால் எல்லாக் கத்தியும் உப்புநீரில் குளித்துவிடும்.

சிலிக்கா ஜெல்தான் சரி. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் ஏற்கும், ஏற்றபிறகும் உலர்ந்த மணி மாதிரியே இருக்கும், கசியாது. நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள். நிறம் மாறினால் சுமார் 110, 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி ஆகும். வெயிலில் காயவைத்தால் போதாது, அக்னி நட்சத்திர வெயிலானாலும் அந்தச் சூடு வராது. மணிகளை மெல்லிய துணிப்பையில் கட்டி வைத்து, அலகில் படாமல் ஓரமாக ஒதுக்குங்கள். மானி 40க்குக் கீழே இறங்கினால் ஒரு பையை எடுத்துவிடுங்கள். கொம்புப் பிடியின் கதியை மறந்துவிடக் கூடாது.

பேரிங், வண்டி உதிரிபாகங்கள் சுற்றி வருகிற வி.சி.ஐ. தாளும் உண்டு. அதிலிருந்து மெல்ல வரும் ஆவி உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். மூடிய டப்பாவுக்குள்தான் வேலை செய்யும். கத்தியில் எஃகோடு பித்தளையும் இருப்பதால், பல உலோகங்களுக்கும் ஆகிற வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். கடற்கரை வீட்டுக்கு இது நல்ல துணை.

எந்த எண்ணெய்?

நம் வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் தடவிப் பழகிய கை, கத்திக்கும் அதையே தேடும். தினமும் புழங்குகிற அரிவாளுக்கு அது சரி. பனையேறுகிறவர் பாளை சீவும் அரிவாளைத் தினமும் தீட்டுகிறார். துரு தங்க அவர் நேரமே கொடுப்பதில்லை. பெட்டிக்குள் ஆறு மாசம் கிடக்கும் மடக்குக் கத்திக்கு நல்லெண்ணெய் மெல்ல மெல்லக் கெட்டியாகிப் பிசினாகும், ஆணியடி ஒட்டிக்கொண்டு திறக்க நகம் போதாது. தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குப் பிசினாகாது. ஆனால் காறிப்போனால் அதிலுள்ள அமிலம் பித்தளையில் பச்சை பூக்கவைக்கும், எறும்பும் வரும்.

தையல் மிஷின் எண்ணெய்க்குத்தான் என் ஓட்டு. எந்தக் கடையிலும் "அண்ணாச்சி, மிஷின் எண்ணெய் ஒண்ணு குடுங்க" என்றால் கிடைக்கும். கனிம எண்ணெய் என்பதால் காறாது, பிசினாகாது. ஆணிக்கு ஒரு சொட்டு, அலகில் துணியால் துடைத்தபிறகு மிஞ்சுகிற மினுமினுப்பு மட்டும் போதும். பழம் நறுக்கப் பயன்படும் கத்தி என்றால் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். வருஷக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் அலகில் மெல்லிசாக வாசலின்.

டபிள்யூ.டி.-40 பற்றி ஒரு வார்த்தை. 1953ல் வந்த அதன் பெயரே நீரை விரட்டும் நாற்பதாவது கலவை என்பதைத்தான் குறிக்கிறது. அந்த வேலைக்கு அது நல்லது. பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுவதால் நீண்ட காலக் காவலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

எண்ணெய்க்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்குத் திரும்பவும் சொல்கிறேன். குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, அப்புறம் எண்ணெய். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

இதோடு சேர்த்து ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். கத்திக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரவு முழுக்க வைத்திருந்து விஜயதசமியன்று எடுப்பது நம் வழக்கம். ஈரச் சந்தனம் அலகில் காய்ந்தால் பொட்டு வடிவத்திலேயே துரு வரும். அது வருவதும் சரியாக மழைக்காலம் தொடங்கும் நேரம். பொட்டைப் பெட்டியின் மூடியில் வைத்துவிட்டு, கத்திகளை எண்ணெய் பூசிய நிலையில் சாமி முன் விரித்து வைக்கலாம். பக்தியில் ஒன்றும் குறையாது. அதற்கு முன் வீட்டுப் பித்தளையெல்லாம் புளி போட்டு விளக்கும்போது, பித்தளைப் பிடி வைத்த கத்தியையும் சேர்த்து விளக்கிவிடாதீர்கள். புளிக்கரைசல் ஆணியடிக்குள் இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை.

டப்பாவுக்குள் போகக் கூடாத கத்தி

முத்துச்சிப்பி மாதிரி, ஆமையோடு மாதிரி மினுங்கும் பிடி வைத்த பழைய ஜெர்மன், அமெரிக்கக் கத்திகள் கையில் இருந்தால் கவனமாகப் பாருங்கள். அவற்றில் பல செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்த பழங்காலப் பிளாஸ்டிக் அது. வயதானால் சிதையத் தொடங்கி நைட்ரிக் அமில ஆவி விடும். அப்படி ஒரு கத்தி மூடிய டப்பாவுக்குள் இருந்தால் பக்கத்தில் உள்ள எல்லாக் கத்தியும் துருப்பிடிக்கும், சிலிக்கா ஜெல் எவ்வளவு போட்டாலும் நிற்காது. பிடியில் மயிரிழைக் கீறல்கள், மூக்கைத் துளைக்கும் நெடி, பிடிக்கு நேரே உள்ள அலகில் மட்டும் துரு, இவைதான் அடையாளம். தீயும் எளிதில் பற்றும்.

இந்தக் கத்திகளுக்குக் காற்றோட்டம்தான் மருந்து. மணப்பாட்டில் முடைகிற பனையோலைப் பெட்டி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஈரத்தைத் தடுக்காது என்பதால் மற்றக் கத்திகளுக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆவி தங்காமல் வெளியேற இதைவிட நல்ல பெட்டி எது? ஒரு பெட்டிக்கு ஒரு கத்தி, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, வெயில் படாமல். அலகுக்கு வாசலின் பூசி அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

உவரிப் பக்கத்து வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்: உப்பைத் துடைத்து, எண்ணெய் பூசி, வி.சி.ஐ. தாளோடும் சிலிக்கா ஜெல்லோடும் டப்பா, டப்பா பீரோவுக்குள். மரப்பெட்டி ஆசையை அங்கே விட்டுவிடுங்கள். தென்காசிக்கும் டப்பாதான், ஆனால் காவல் நாள்காட்டி வேறு. வைகாசி முடிவதற்குள் மணிகளைச் சூடாக்கித் தயாராக வைத்து, சாரல் ஓய்ந்ததும் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். பாளைக்காரர்களுக்குத்தான் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பழைய தேக்கில் பெட்டி செய்து வருஷத்தில் எட்டு ஒன்பது மாசம் கண்குளிரப் பார்க்கலாம். புரட்டாசி கடைசியில் கார்பன் எஃகுக் கத்திகளை மட்டும் டப்பாவுக்கு மாற்றி, தை பிறந்து பனி குறைந்ததும் திரும்ப எடுத்து அடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்தப் பெட்டியானாலும் பூட்டு கட்டாயம், சாவி பீரோவின் மேல் இருக்கக் கூடாது. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை தவிர, ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. மடக்குக் கத்திகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு வெகு கீழே.

கடைசியாக உயரம். 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீரில் நின்றன. கீழ்த்தளத்தில் பீரோவின் அடித்தட்டு கத்திகளுக்கு இடமில்லை. மேல்தட்டில், முடிந்தால் மாடியில் வையுங்கள். அப்படியும் வெள்ளநீர் புகுந்துவிட்டால் எல்லாக் கத்தியையும் உடனே திறந்து, நல்ல தண்ணீரில் சேறு போக அலசி, துடைத்து, டபிள்யூ.டி.-40 அடித்து ஆணியடி ஈரத்தை விரட்டி, மின்விசிறியின் கீழ் திறந்தபடியே இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் மிஷின் எண்ணெய் விட்டு நாலைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் மணல் இன்னும் உள்ளே இருக்கிறது. கரகரப்பு போகும்வரை அலசிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். நனைந்த தோல் உறைக்குள் அந்தக் கத்தியை மறுபடி வைக்கவே கூடாது.